பயறு விழாத இடம்

மெக்ஸிகோவின் கடற்கரை ஊரான லாஸ் கார்சாஸில் கடலிலிருந்து வருகிறவனிடம் எவ்வளவு நண்டு என்று கேட்கலாம். என்ன விலைக்குப் போனது என்று கேட்கலாம். நேற்று உன் மாமியார் எதற்கு அப்படிக் கத்தினாள் என்றுகூடக் கேட்கலாம். நண்டுக் கூடு எங்கே போட்டாய் என்று மட்டும் கேட்கக் கூடாது. தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டாலும் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். தாடையைக் கடல் பக்கமாக லேசாகத் தூக்கி, "அங்கிட்டு" என்பார்கள். அவ்வளவுதான். வடக்கே போனவனுக்கும் அங்கிட்டு, தெற்கே போனவனுக்கும் அங்கிட்டு. கட்டின பெண்டாட்டிக்கும் அதே பதில்தான்.

நான் படகு இன்ஜின் பழுது பார்க்கிறவன். ஊரில் மேஸ்திரி என்று கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருஷமாக என் நகக்கண்ணிலிருந்து கிரீஸ் போனதில்லை. எனக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியதும் இல்லை. இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொண்டு வரும் புல்லே சொல்லிவிடும். கழிமுகத்துப் புல் அகலமாக, கறுப்புச் சேற்றோடு வரும். வெளிக்கடல் பாசி சிவப்பாக, கழுவி வைத்ததுபோல் வரும். தொட்டியில் எவ்வளவு பெட்ரோல் மிச்சம் என்று பார்த்தால் தூரமும் தெரிந்துவிடும். ஊரில் முப்பத்தொரு படகு. முப்பத்தொன்றும் எங்கே போய் வருகின்றன என்று எனக்குத் தெரியும். வாய் திறக்க மாட்டேன். பாவசங்கீர்த்தனம் கேட்கிற சாமியாரும் மெக்கானிக்கும் இந்த ஊரில் ஒரே சாதி.

லிப்ராதோவின் விசிறியில் எப்போதும் அகலப் புல்தான் இருக்கும். ஊருக்கு எதிரே இருக்கிற நாரைத்தீவுக்கும் கழிமுகத்துக்கும் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. அங்கேதான் அவன் தன் அறுபது கூட்டையும் இறக்குவான். கரையிலிருந்து கால்மணி நேரம் போதும். அதற்கு மேல் அவனால் போகவும் முடியாது. முன்பு அவன் சிப்பி எடுக்க மூழ்குகிறவன். படகில் கம்ப்ரசர் ஓடும், அதிலிருந்து வரும் குழாயை வாயில் கடித்துக்கொண்டு பதினெட்டுப் பாகம் ஆழத்துக்குப் போவான். ஒருநாள் மேலே கம்ப்ரசர் நின்றுபோக, கீழேயிருந்து ஒரே மூச்சில் மேலே வந்தான். உயிர் தப்பியது. கால் தப்பவில்லை. அழுத்தப் பெட்டிக்குள் ஐந்து நாள் போட்டுப் பார்த்தார்கள். இப்போது மணலில் இரண்டு தடி ஊன்றி நடப்பான். படகில் உட்கார்ந்துவிட்டால் முழு ஆள். ஆனால் அலை புரட்டும் வெளிக்கடலில் நின்று இழுக்க அவனுக்குக் கால் வேண்டுமே. இருப்பது இருபத்தைந்து குதிரைத்திறன் இன்ஜின். அதுவும் நான் மூன்று செத்த இன்ஜினிலிருந்து சேர்த்துக் கட்டிக் கொடுத்தது.

அவனுடைய மகளுக்கு நான் ஞானத்தகப்பன். அதனால் அவனுக்கு நான் கும்பாதிரி, எனக்கு அவன் கும்பாதிரி. ஞானஸ்நானத் தண்ணீர் குழந்தை தலையில் விழுந்த நிமிஷத்திலிருந்து எங்களுக்குள் நீ, வா, போ கிடையாது. அதற்கு முந்தின வாரம்வரை ஒருவரையொருவர் எப்படியெல்லாம் திட்டிக்கொண்டோம் என்பதை இங்கே எழுத முடியாது.

அவன் மனைவி எலோதியா கள நிலையத்தில் சமையல். எல்லைக்கு அப்பால் வடக்கே ஒரு கல்லூரி இருக்கிறது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் நம் கடற்கரையில் நான்கு அறை கட்டினார்கள். அதற்குக் கள நிலையம் என்று பெயர். பிறகு பக்கத்தில் ஒரு கூடம் கட்டினார்கள். அதற்குச் சமூகக் கூடம் என்று பெயர். நிலையத்தில் பறவை எண்ணுவார்கள், ஆமையை எடை போடுவார்கள். கூடத்தில் தையல் மெஷின் உண்டு, பிள்ளைகளுக்குப் புத்தகம் உண்டு, சுவரில் 'கடலுக்கு நியாயம், மனிதருக்கு நியாயம்' என்று பெரிதாக எழுதியிருக்கும். அந்த எழுத்துக்குப் பெயின்ட் அடித்ததும் நான்தான். வருஷத்துக்கு ஆறு கூட்டம் மாணவர்கள் வருவார்கள். நல்ல பிள்ளைகள். வெயிலில் தோல் உரியும், கொழுப்புப் போட்டால் பயறு சாப்பிட மாட்டார்கள்.

"கொழுப்பில்லாம பயறு வேகவைக்கிறது பாவம் கும்பாதிரி," என்பாள் எலோதியா. "ஆனா அந்தப் பாவத்துக்குச் சம்பளம் குடுக்கறாங்க, செய்யறேன்."

நிலையத்தைப் பார்த்துக்கொள்வது லொரேனியா டீச்சர். எர்மோசியோ நகரத்துக்காரி, பதினொரு வருஷமாக இங்கேயே இருக்கிறாள். தண்ணீர் லாரி வராவிட்டால் முதலில் சண்டைக்குப் போகிறவள் அவள்தான். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பின்னால் நடந்ததற்கும் அவளைச் சொல்ல மாட்டேன்.

செப்டம்பரில், மூச்சு விட்டாலே வியர்க்கிற நாளில், டீச்சர் ஊரைக் கூடத்துக்குக் கூப்பிட்டாள். சுவர் முழுக்க நம் கடலின் படம். தீவு, கழிமுகம், முனை, எல்லாம் சரியாக வரைந்திருந்தது. டெல்லா என்ற மாணவி மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்தாளாம். அதைச் சுவரிலிருந்து எடுத்து நீள மேஜைமேல் விரித்தார்கள். எலோதியாவின் சமையலறையிலிருந்து ஒரு கிண்ணம் பயறு வந்தது. ஆளுக்குப் பத்துப் பயறு.

"நீங்க எங்க எங்க பிடிக்கறீங்களோ அங்க வைங்க," என்றாள் டீச்சர். "அதிகம் போற எடத்துல அதிகம் வைங்க. மெக்ஸிகோ சிட்டில உக்காந்துட்டு யாரோ கோடு கிழிக்கறதுக்கு முன்னாடி நாமளே நம்ம கடல வரைஞ்சு வச்சுக்குவோம். உங்க தொழில் எங்க நடக்குதோ அதத் தொடாம, வேற எடத்துல கொஞ்சம் கடலுக்கு ஓய்வு குடுக்கலாம்."

நல்ல பேச்சு. எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோரும் வரிசையாகப் போய்ப் பொய் வைத்துவிட்டு வந்தார்கள்.

வேறென்ன செய்வார்கள்? முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, தன் இடத்தில் எவன் பயறு வைப்பான்? வடக்கே போகிறவன் தெற்கே வைத்தான். ரீத்தோ, ஊரிலேயே பெரிய இன்ஜின் வைத்திருக்கிறவன், படத்தின் ஓரத்தில் வெறும் மணல் கிடக்கிற இடத்தில் ஏழு பயறைக் குவித்துவிட்டு, "இங்க தாய்க்கிழவி மாதிரி நண்டு கெடக்கு டீச்சர்" என்று கண்ணடித்தான். அந்தப் பிள்ளை டெல்லா அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். லிப்ராதோ தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேஜையைப் பிடித்து நின்றான். பத்துப் பயறையும் முனைக்கு அப்பால், அவன் இன்ஜின் இரண்டு தொட்டி பெட்ரோல் குடித்தாலும் போய்ச் சேராத இடத்தில் வைத்தான். நான் சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்தேன். சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

நவம்பரில் வாடை தொடங்கியது. ஒருநாள் சாயங்காலம் எலோதியா என் பட்டறைக்கு வந்தாள். கையில் துணியில் சுற்றிய டோர்ட்டியா ரொட்டி. அதை வைத்துவிட்டு, காலியாக இருந்த பெட்ரோல் கேன்மேல் உட்கார்ந்தாள்.

"சாப்பிடுங்க. கொழுப்புப் போட்டதுதான்."

"என்ன விசேஷம்?"

"படம் வந்துருச்சு கும்பாதிரி. அச்சடிச்சு, கலர் போட்டு. இன்னிக்கு மேஜை தொடைக்கறப்ப பாத்தேன். அஞ்சு வருஷத்துக்கு மூடற எடத்த நீலத்துல கோடு போட்டிருக்காங்க."

"எங்க?"

"எங்கயா? ஒரு பயறுகூட விழாத எடம் எதுவோ அங்க. தீவுக்கும் கழிமுகத்துக்கும் நடுவுல."

வாயிலிருந்த டோர்ட்டியாவை நான் அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன்.

"பள்ளம் முழுக்கவா?"

"முழுக்க. ஒரு முழம் பாக்கி இல்ல." கையை முட்டியில் தேய்த்துக்கொண்டாள். "டீச்சருக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? 'எலோதியா, யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லாத எடமா அமைஞ்சுபோச்சு'ன்னு எங்கிட்டயே சொல்லுது. நான் பயறுல கல்லு பொறுக்கிட்டு நிக்கறேன்."

பள்ளத்தில் லிப்ராதோ மட்டும் போடுகிறான் என்று சொல்ல முடியாது. வாடைக்காற்றில் வெளிக்கடல் போக முடியாத வாரங்களில் ஊரில் பாதிப்பேர் அங்கே வருவார்கள். ஆனால் யாரும் அதை ஒத்துக்கொள்வதில்லை. கூட்டுக்கு மிதவை கட்ட மாட்டார்கள். கயிற்றைத் தரையோடு படுக்கப் போட்டு, பிறகு கொக்கியால் துழாவி எடுப்பார்கள். அப்படி ஒளித்து வைத்தால் எட்டுக் கூடு வைக்கலாம், பத்து வைக்கலாம். அதற்கு மேல் தேடி எடுக்க முடியாது. மிதவை கட்டி வெளிப்படையாகப் போடுகிறவன் லிப்ராதோ ஒருவன்தான். அவன் வருவது தெரிந்தால் மற்றவர்கள் நகர்ந்துவிடுவார்கள். அவனும் பார்க்காத மாதிரி இருப்பான். இந்த ஏற்பாட்டை யாரும் பேசி முடிவு செய்யவில்லை.

"அவர் உங்ககிட்ட பள்ளம்னு எப்பவாவது சொல்லியிருக்காரா?" என்று கேட்டேன்.

"எங்கிட்டயா? பத்தொம்போது வருஷமா அங்கிட்டுதான். ஆனா கயிறு அலசறவ நான்தானே. பள்ளத்துச் சேறு கெட்டுப்போன முட்டை நாத்தம் நாறும். என் மூக்குக்கு அவர் சொல்லணுமா?" கொஞ்சம் நிறுத்தினாள். "சனிக்கிழமை கூட்டம். எல்லாரும் கை தூக்கிட்டா காகிதம் மீன்வளத்துறைக்குப் போயிரும். நீங்க சொல்லுங்களேன் கும்பாதிரி. நீங்கதான் நிலையத்து ஆளு, ஊரு ஆளு ரெண்டும்."

"நான் வாயத் தொறந்தா அப்புறம் எவன் இன்ஜினத் தூக்கிட்டு எங்கிட்ட வருவான்? நீங்களே டீச்சர்கிட்ட தனியா சொல்லிருங்க."

"சொன்னா? சமையக்காரி சொல்லி டீச்சர் படத்த மாத்துச்சுன்னு ஊரே காறித் துப்பும். டீச்சரும் நேர் ஆளு. 'கூட்டத்துல சொல்லுங்க, கூட்டம்தான் முடிவு பண்ணணும்'னு சொல்லும். நியாயம் படிச்சுக் குடுக்கறவங்க இல்லையா."

அன்று இரவு நான் லிப்ராதோவைப் பார்க்கப் போகவில்லை. தைரியமில்லை. மறுநாள் காலை அவனே இன்ஜினைப் பார்க்கக் கூப்பிட்டான். மடவைத் தலைகளை வாளியில் வைத்துக்கொண்டு படகோரம் உட்கார்ந்து கூடுகளில் இரை கட்டிக்கொண்டிருந்தான். எலோதியா அவனிடம் முன்னமே சொல்லியிருந்தாள்.

"என்ன செய்யப் போறீங்க?" என்றேன்.

"எதுக்கு?"

"நீலக் கோட்டுக்கு."

"பேப்பர்ல ஆயிரம் கோடு போடுவாங்க. கடல்ல கோடு தெரியாது."

"ரோந்துப் படகு வரும் கும்பாதிரி. கூட்டப் புடிச்சுட்டுப் போவாங்க. படகையும் சேத்து."

இரையைக் கம்பியில் இறுக்கிக் கட்டினான். விரல் வேலை செய்துகொண்டே இருந்தது.

"சொல்லிருங்களேன். ஒரு வார்த்தை. 'நான் அங்கதான் போடறேன்'னு."

"சொல்லலாம். சொன்னதுக்கப்புறம் அது என் எடம் இல்ல. சொல்லாத வரைக்கும்தான் என் எடம்." தடியை எடுத்தான். "உங்களுக்குத் தெரியாததா? சொல்லாத வரைக்கும் ரீத்தோகூட எட்டுக் கூட்டோட நிறுத்திக்கறான். வெக்கம் இருக்கு அவனுக்கு. வெக்கம் போச்சுன்னா அவன் இருநூறு கூடு வச்சிருக்கான்."

"மூடிட்டா அதுவும் இல்லையே."

"அதான் தூக்கம் வரல," என்றான். அவ்வளவுதான் சொன்னான். இன்ஜினை இரண்டு தடவை இழுத்தான், மூன்றாவதில் பிடித்தது.

சனிக்கிழமை காற்று கூரைத் தகடுகளைப் பிய்த்தெடுக்கப் பார்த்தது. ஒரு படகும் இறங்கவில்லை. அதனால் கூடம் நிறைந்துவிட்டது. எலோதியா திருக்கைக் கறி வைத்திருந்தாள், வாசனை கூடம் வரை வந்தது. கறிக்காக வந்தவர்களும் உண்டு, நான் உட்பட. சுவரில் புதுப் படம். பயறு இருந்த இடங்களில் எல்லாம் சிவப்புப் புள்ளி. தெற்கே மணலில் ரீத்தோவின் ஏழு புள்ளிகள் கொழுத்துத் தெரிந்தன. நடுவில், தீவுக்கும் கழிமுகத்துக்கும் இடையில், ஒரு புள்ளி இல்லாத நீலம்.

டீச்சர் விளக்கினாள். ஐந்து வருஷம். பிறகு நண்டும் சிப்பியும் பெருகி வெளியே வரும். யாருடைய தொழிலிலும் கை வைக்கவில்லை. "இது நீங்க வச்ச பயற வச்சு நீங்களே போட்ட படம்," என்றாள். குரலில் பெருமை இருந்தது, எனக்குக் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "யாருக்காவது மறுப்பு இருக்கா?"

கூடத்தில் அத்தனை பேருக்கும் அந்த நீலம் எது என்று தெரியும். ஒவ்வொருவனும் இன்னொருவன் சொல்லட்டும் என்று இருந்தான். பலர் ஓரக்கண்ணால் லிப்ராதோவைப் பார்த்தார்கள். அவன் வாயைத் திறந்தால் பள்ளமும் பிழைக்கும், தங்கள் பொய்யும் பிழைக்கும். லிப்ராதோ முன்வரிசையில் தொப்பியைத் தொடைமேல் வைத்து, அதன் விளிம்பில் பிரிந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் தரையைப் பார்த்தேன். என் வாயும் மூடித்தான் இருந்தது.

"இல்லேன்னா கை தூக்கிரலாம்," என்றாள் டீச்சர்.

ரீத்தோவின் கை பாதிவரை எழுந்தது. அப்போது சமையலறைக் கதவு திறந்தது. எலோதியா வந்தாள். ஏப்ரன் முழுக்க மாவு. யாரையும் பார்க்காமல் மேஜைவரை நடந்தாள். சுவரிலிருந்த படத்தின் பிரதி ஒன்று மேஜைமேலும் விரித்திருந்தது. கையிலிருந்த ஒரே ஒரு பயறை அந்த நீலத்தின் நடுவில் வைத்தாள்.

"ஒண்ணு விட்டுப் போச்சு டீச்சர்."

"புரியல எலோதியா."

"என் வீட்டுக்காரர் இங்கதான் கூடு போடறாரு. பதினோரு வருஷமா. வேற எங்கயும் போக அவருக்குக் கால் இல்ல."

"எலோதியா," என்றான் லிப்ராதோ. மெதுவாகத்தான் சொன்னான். "அடுப்பப் பாரு."

"அடுப்பு எங்கயும் ஓடிறாது மனுசா."

டீச்சர் லிப்ராதோவைப் பார்த்தாள். "உங்க பயறு முனைக்கு அந்தப் பக்கம்தானே இருந்துச்சு?"

அவன் காது சிவந்திருந்தது. ஐம்பது வயது மனிதனை ஊர் நடுவில் துணி அவிழ்த்து நிறுத்தினால் எப்படி இருப்பான், அப்படி இருந்தான். எனக்கு எலோதியாமேல் கோபம் வந்தது. அடுத்த நிமிஷம் என்மேல்தான் வந்தது.

முதலில் சிரித்தது ரீத்தோ. எழுந்து, தோளைக் குலுக்கிக்கொண்டு மேஜைக்குப் போனான். "சரி, அந்தம்மாவே தொறந்துட்டாங்க. பயறு இருக்கா இன்னும்?" எலோதியாவின் ஏப்ரன் பையில் கை விட்டு ஒன்றை எடுத்தான். "என்னுதும் அங்க ஒண்ணு கெடக்கட்டும் டீச்சர். காத்துக் காலத்துல நானும் கொஞ்சம் போடறதுண்டு."

"அப்ப அந்தத் தெற்கு மணல்ல ஏழு?"

"அங்க நண்டா? அங்க தவளைகூட இல்ல டீச்சர்."

கூடம் முழுக்கச் சிரிப்பு. பிறகு நாற்காலிகள் இழுபடும் சத்தம். ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். உள்ளே இருந்து பயறு மூட்டையையே தூக்கி வந்துவிட்டார்கள். நீலத்தில் பயறு குவிந்தது. இரண்டு மூன்று உருண்டு கீழே விழுந்தன. டெல்லா என்ற அந்தப் பிள்ளை சுவரிலிருந்த சிவப்புப் புள்ளிகளையும் மேஜையையும் மாறி மாறிப் பார்த்தாள். வரைந்தது, புள்ளி வைத்தது, கலர் போட்டது என்று அவளுக்கு மூன்று மாத வேலை. அழுதுவிடுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

டீச்சர் உட்கார்ந்துவிட்டாள். நெற்றியைக் கையால் தாங்கிக்கொண்டு, "ஒருத்தர்கூடவா?" என்றாள். "முப்பத்தொரு பேர்ல ஒருத்தர்கூடவா நெசம் சொல்லல?"

"நீங்க எல்லார் முன்னாடியும் கேட்டீங்க டீச்சர்," என்றேன். அன்று நான் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

மூடுகிற பேச்சு அன்றோடு நின்றது. படத்தை முதலிலிருந்து வரைய வேண்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று முடிந்தது. திருக்கைக் கறி தீர்ந்தது. எல்லோரும் ஏதோ பெரிய சிக்கலிலிருந்து தப்பிய உற்சாகத்தில் வீட்டுக்குப் போனார்கள். லிப்ராதோ சாப்பிடவில்லை.

நாலாம் நாள் காற்று விழுந்தது. விடிந்ததும் லிப்ராதோ படகை இறக்கினான். நானும் கூடப் போனேன், புதுப் பிளக் போட்டிருந்தேன், ஓட்டிப் பார்க்க வேண்டும். தீவைச் சுற்றி வளைந்ததும் அவன் இன்ஜினை நிறுத்திவிட்டான். பள்ளத்தின் மேல் முழுக்க மிதவைகள். காற்று முழுதாக விழும் முன்பே மற்றவர்கள் வந்து போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒவ்வொருவனுக்கும் மிதவைக்கு ஒரு நிறம் உண்டு. ரீத்தோவின் மஞ்சள் மட்டுமே நூறைத் தாண்டும். பச்சை, வெள்ளை, காவி, எல்லாம் இருந்தன. யாரும் கயிற்றைத் தரையோடு படுக்கப் போடவில்லை. இனி எதற்கு? லிப்ராதோவின் நீல மிதவைகளைத் தேடி எடுக்கவே சிரமமாக இருந்தது.

"திரும்பிரலாமா?" என்றேன்.

"என் கூடு கெடக்கே."

ஒவ்வொன்றாக இழுத்தான். நான் உதவப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்தான். சிக்கிய கயிறுகளை அறுக்காமல் பிரித்தான். மற்றவன் கயிற்றை அறுப்பது நம் ஊரில் கிடையாது. ஒரு வேளை பூரா அதற்கே போனது.

கரையில் ரீத்தோ எதிரே வந்தான். அவனுக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்திருக்கும். "லிப்ராதோ, உன் பக்கத்துல வந்துட்டேன், மனசுல வச்சுக்காத. கதவு தொறந்துதானே இருக்கு."

"கடலுக்கு ஏதுப்பா கதவு," என்றான் லிப்ராதோ.

முதல் இரண்டு வாரம் ஊருக்கே நல்ல பாடு. வாங்க வந்த லாரிக்காரன் ஐஸ் போதாமல் திரும்பிப் போய் எடுத்து வந்தான். மூன்றாவது வாரம் நண்டு சிறுத்தது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு முட்டைப் பெட்டைகளையும் விடவில்லை. ஜனவரியில் ஒருநாள் லிப்ராதோ அறுபது கூட்டையும் தூக்கிவிட்டு வந்தான். வாளியில் பதினோரு நண்டு. உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. பெரிய இன்ஜின்காரர்கள் காற்று மாறினதும் வெளிக்கடலுக்குப் போய்விட்டார்கள். ஆனால் கூடுகளை எடுக்கவில்லை, போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள்.

எலோதியா மறுபடி பட்டறைக்கு வந்தாள். இந்தத் தடவை டோர்ட்டியா இல்லை.

"ஒரு வார்த்தை திட்டலை கும்பாதிரி. அன்னிலேர்ந்து. காபி குடுத்தா குடிக்கறாரு, கயிறு அலசிப் போட்டா எடுத்துக்கறாரு. திட்டினா நல்லாருக்கும். நானும் திருப்பித் திட்டுவேன்."

"நீங்க பண்ணது தப்பில்ல."

"தப்பில்லேன்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சு என்ன பண்ண?" எழுந்தாள். "ஆம்பளைங்க உங்கள்ல யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தா நான் சொல்லியிருக்க வேண்டாமே. டீச்சர் கேட்டத வேற மாதிரி கேட்டிருந்தாலும் வேண்டாம்." ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று பட்டறையைச் சீக்கிரம் மூடிவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் நிலையத்துப் படகின் இன்ஜினை முற்றத்தில் பிரித்துப் போட்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். மணலில் இரண்டு தடி ஊன்றி லிப்ராதோ வருவதைப் பார்த்தேன். அவன் வீட்டிலிருந்து நிலையத்துக்கு ஒரு பத்து நிமிஷம். அவனுக்கு அரைமணி நேரம். பின்பக்கம் சமையலறை வழியாக வராமல் முன்வாசல் வழியாக வந்தான். டீச்சர் வராந்தாவில் காகிதங்களோடு உட்கார்ந்திருந்தாள். நாற்காலியை நகர்த்திப் போட்டாள். அவன் உட்காரவில்லை.

"அத மூடிருங்க டீச்சர்," என்றான்.

"எத?"

"பள்ளத்த. பழைய படத்துல இருந்த மாதிரியே. நீலம் போட்டு."

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தாள். "உங்க எடம் அது. உங்களுக்காகத்தானே நிறுத்தினோம்."

"இப்ப அது யார் எடமும் இல்ல. இன்னும் ரெண்டு மாசம் போனா நண்டு எடமும் இல்ல." மூச்சு வாங்கியது அவனுக்கு. "முன்ன ஒளிச்சு வச்சதால பொழைச்சுக் கெடந்துச்சு. இனிமே ஒளிக்க முடியாது. நீங்க கோடாவது போடுங்க."

"மூடினா எல்லாருக்கும்தான் மூடும். உங்களுக்கு மட்டும் விட முடியாது. அஞ்சு வருஷம். தெரியும்ல?"

"தெரியும்."

"மத்தவங்க ஒத்துக்குவாங்களா?"

"இப்ப ஒத்துக்குவாங்க. காலியான எடத்தக் குடுக்கறதுல யாருக்கு என்ன." தடியை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு இன்னொரு கையை நீட்டினான். "காகிதத்தக் குடுங்க. மொதக் கையெழுத்து நான் போடறேன். அப்புறம் அந்தப் பொண்ணு, படம் வரைஞ்சுச்சே, திரும்ப வந்தா எங்கிட்ட அனுப்புங்க. தனியா. எங்க எங்க என்ன கெடக்குன்னு சொல்றேன். எனக்கு இனிமே மறைக்க ஒண்ணும் இல்ல."

டீச்சர் உள்ளே போய்க் காகிதத்தைத் தேடி எடுத்து வந்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன, நான் ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். லிப்ராதோ மேஜைமேல் சாய்ந்து பெயரை முழுதாக எழுதினான். அப்பா பெயர், அம்மா பெயர், எல்லாம் சேர்த்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல ஒவ்வோர் எழுத்தாக.

சமையலறை வாசலில் எலோதியா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. கையில் பிசைந்த மாவு உருண்டை இருந்தது, அதை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

இந்த ஊரில் கேட்கக் கூடாத கேள்வியை அவள் அப்போது கேட்டாள்.

"அப்ப நீ எங்க போவ மனுசா?"

லிப்ராதோ பேனாவை மூடி வைத்தான். தடியை ஊன்றி நிமிர்ந்தான். பிறகு தாடையை லேசாகத் தூக்கினான்.

"அங்கிட்டு," என்றான்.

அவன் தாடை காட்டிய பக்கத்தில் கடல் இல்லை. நான் பெயின்ட் அடித்த கூடத்துச் சுவர்தான் இருந்தது. எலோதியா மறுபடி கேட்கவில்லை. உள்ளே போய் அவனுக்கு ஒரு டோர்ட்டியா சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள், அவன் நின்றபடியே சாப்பிட்டான்.